இதைவிட மேல் இல்லை என்பதற்குச் சாட்சி

ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்க, அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டால் போதும். இல்லை என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ‘இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது’ என்று அலுவலகத்திலும் கடையிலும் வீட்டிலும் யாராவது சொல்லக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். சொல்பவர் அனுபவத்தை வைத்துச் சொல்கிறார். கேட்பவர் நம்பி ஏற்றுக்கொள்கிறார். சாட்சி என்று எதுவும் கைமாறுவதில்லை. அப்படியொரு சாட்சியைத் தேடிப் புறப்பட்டுக் கண்டும் பிடித்த ஒரு துறை கணிதத்தில் இருக்கிறது. எடையிட்ட கோட்டுருக்களில் பொருத்தம் காணும் துறை அது. அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எந்த அல்காரிதம் எவ்வளவு வேகம் என்றே எழுதுகிறார்கள். வேகம் முக்கியம்தான். ஆனால் என்னை இத்தனை காலமும் பிடித்து வைத்திருப்பது சாட்சி. கோட்டுருவின் வடிவம் மாறினால் சாட்சியின் வடிவமும் மாறிவிடுகிறது. சில வடிவங்களில் அது வாயடைத்துப்போகும் அளவுக்கு எளிமையாக வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றுக்கு இடையே கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண். எந்தப் புள்ளியும் இரண்டு கோடுகளில் அகப்படாதபடி கோடுகளைத் தேர்ந்தெடுத்தால் அது ஒரு பொருத்தம். தேர்ந்தெடுத்த கோடுகளின் எண்களைக் கூட்டினால் அதன் எடை. எல்லாப் பொருத்தங்களிலும் எடை மிகுந்தது எது?

மூன்று தையற்காரர்களும் மூன்று வேலைகளும் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வேலைகள் ரவிக்கை, சட்டை, பாவாடை, ஆளுக்கு ஒன்று. மூத்தவர் ரவிக்கை தைத்தால் கடைக்கு 10, சட்டை தைத்தால் 9, பாவாடை தைத்தால் 7. இரண்டாமவருக்கு இதே வரிசையில் 9, 5, 6. இளையவருக்கு 8, 6, 3. கடைக்காரர் என்ன செய்வார்? இருப்பதிலேயே பெரிய எண் 10. ரவிக்கையை மூத்தவரிடம் கொடுக்கிறார். மிச்சத்தில் பாவாடை இரண்டாமவருக்கு, சட்டை இளையவருக்கு. 10, 6, 6, மொத்தம் 22. குறை சொல்ல முடியாத ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. ஆனால் மூத்தவரைச் சட்டைக்கு மாற்றி, ரவிக்கையை இளையவரிடம் கொடுத்து, பாவாடையை இரண்டாமவரிடமே விட்டுவைத்தால் 9, 8, 6, மொத்தம் 23. அட்டவணையிலேயே பெரிய எண்ணான 10, மிகச் சிறந்த ஏற்பாட்டில் இடம்பெறவே இல்லை.

சரி, 24 கிடைக்குமா? மூன்று பேர் என்பதால் மொத்தம் ஆறே வழிகள், போட்டுப் பார்த்துவிடலாம். இருபது பேரும் இருபது வேலைகளும் என்றால் வழிகள் 24,329 கோடி கோடிக்கும் மேல். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல ஆயுள் போதாது. ஆனால் இப்படிச் செய்யலாம். மூத்தவருக்கு 8, இரண்டாமவருக்கு 6, இளையவருக்கு 5 என்று ஆளுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். ரவிக்கைக்கு 3, சட்டைக்கு 1, பாவாடைக்கு 0 என்று வேலைக்கும் எழுதுங்கள். இப்போது எந்த ஆளையும் எந்த வேலையையும் எடுத்து, இரண்டு சீட்டுகளையும் கூட்டிப் பாருங்கள். மூத்தவரும் ரவிக்கையும்: 8, 3, கூட்டினால் 11, அட்டவணையில் இருப்பது 10. இளையவரும் சட்டையும்: 5, 1, கூட்டினால் 6, அட்டவணையிலும் 6. ஒன்பது கட்டங்களிலும் சீட்டுகளின் கூட்டல் அட்டவணை எண்ணைவிடக் குறையவில்லை. எந்த ஏற்பாட்டிலும் ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு வேலையும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. ஆகவே எந்த ஏற்பாட்டின் லாபமும் ஆறு சீட்டுகளின் மொத்தத்தைத் தாண்ட முடியாது. அந்த மொத்தம் 8, 6, 5, 3, 1, 0. கூட்டினால் 23.

கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. ஆறு வழிகளையும் நாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்பது கூட்டல்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யக்கூடியவை, 24 கிடையவே கிடையாது என்பதை நிறுவிவிட்டன. இருபது பேர் என்றாலும் நானூறு கூட்டல்கள்தான். சீட்டுகளைக் கண்டுபிடித்தவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நாம் கேட்கத் தேவையில்லை. அவரை நம்பவும் தேவையில்லை.

இப்படிப்பட்ட சீட்டுகள் எப்போதும் கிடைக்கும் என்பது ஒரு தேற்றம். புள்ளிகளை ஆட்கள், வேலைகள் என்று இரண்டு அணியாகப் பிரித்து, கோடுகள் எல்லாம் ஓர் அணியிலிருந்து மற்றதற்கே போகும்படி இருந்தால் அது இருகூறு கோட்டுரு. 1931-இல் தேனெஷ் கோனிக், யெனோ எகர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் தங்கள் தாய்மொழியிலேயே இந்தத் தேற்றத்தை எழுதினார்கள். கோனிக் எழுதியது எடை இல்லாத வடிவம். எகர்வாரி எழுதியது எடையுள்ள வடிவம். ஐந்து ஆண்டு கழித்து, 1936-இல், கோனிக் ஜெர்மன் மொழியில் கோட்டுருவியலின் முதல் பாடநூலை வெளியிட்டார். அதில் ஓர் அடிக்குறிப்பு எகர்வாரியின் கட்டுரையைச் சுட்டியது. 1953-இல் அமெரிக்காவில் ஹரால்ட் கூன் அந்த அடிக்குறிப்பைப் பார்த்தார். அவருக்கு ஹங்கேரி மொழி தெரியாது. நூலகத்திலிருந்து ஓர் இலக்கண நூலையும் பெரிய அகராதியையும் எடுத்துவந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டுரையை மொழிபெயர்த்தார். உள்ளே இருந்த நிரூபணத்தைச் செய்முறையாக மாற்றினார். 12 ஆட்கள், 12 வேலைகள், மூன்று இலக்க எண்கள் என்று கணக்குப் போட்டுத் தாளும் பென்சிலுமாகத் தீர்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. 1955-இல் அதைப் பதிப்பித்தபோது தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஹங்கேரிய முறை என்று பெயரிட்டார். உலகம் இன்றும் அப்படித்தான் அழைக்கிறது.

கோனிக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. யூத வம்சாவளியினர் அவர். நாஜிக் காலத்தில் துன்புறுத்தப்பட்ட கணிதவியலாளர்களுக்கு ஓடியோடி உதவியவர். 1944 அக்டோபர் 15-இல் அம்புச்சிலுவைக் கட்சி புடாபெஸ்டில் ஆட்சியைப் பிடித்தது. நான்காம் நாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வகுப்புகளில் ஹங்கேரிய முறை சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பின்னாளில் இன்னொன்றும் தெரியவந்தது. 1851-இல் இறந்துபோன யாக்கோபி என்ற கணிதவியலாளர், வகைக்கெழுச் சமன்பாடுகள் தொடர்பான வேறொரு கேள்விக்காக இதே முறையைக் கண்டுவைத்திருந்தார். லத்தீனில், இறந்தபிறகு வெளியான தாள்களில் அது கிடந்தது.

இனி ஒரு முக்கோணம். மூன்று புள்ளிகள், மூன்று கோடுகள், ஒவ்வொன்றின் எடையும் 1. இரண்டு அணியாக இதைப் பிரிக்க முடியாது. பொருத்தத்தில் ஒரே ஒரு கோடுதான் வரும். ஆகவே அதிகபட்ச எடை 1. சீட்டு எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அரை என்று எழுதினால் மூன்று கோடுகளும் அடங்கும். மொத்தம் ஒன்றரை. அதற்குக் கீழே எப்படி எழுதினாலும் இறங்காது. உண்மை 1, சீட்டு சொல்வது ஒன்றரை. இருகூறு உலகில் ஒருபோதும் பிசகாத சாட்சி, ஒற்றைப்படை நீளமுள்ள ஒரு சுற்றைக் கண்டதும் அரை அலகு பிசகிவிடுகிறது.

அந்த அரை அலகை மீட்டவர் ஜாக் எட்மண்ட்ஸ். ‘பாதைகள், மரங்கள், மலர்கள்’ என்று 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் வரும் மலர்கள் இந்த ஒற்றைப்படைச் சுற்றுகள்தாம். வழியில் அப்படி ஒன்று குறுக்கிட்டால் அதை அப்படியே ஒரே புள்ளியாகச் சுருக்கிவிட்டு மேலே போ. வேலை முடிந்தபின் விரித்துக்கொள். சுருக்கிய சுற்றுக்கும் தனியாக ஒரு சீட்டு உண்டு. ஐந்து புள்ளிகள் உள்ள கூட்டத்துக்குள் இரண்டு கோடுகளுக்கு மேல் பொருத்தம் செல்லாது. ஏழு புள்ளிகள் என்றால் மூன்று. இந்த வெளிப்படையான உண்மைதான் கூட்டத்தின் சீட்டில் எழுதப்படுகிறது. அதே ஆண்டு எழுதிய இன்னொரு கட்டுரையில், புள்ளிகளின் சீட்டுகளோடு ஒற்றைப்படைக் கூட்டங்களின் சீட்டுகளையும் சேர்த்துவிட்டால் எந்தக் கோட்டுருவிலும் சாட்சி பிசகாது என்று நிறுவினார். ஒற்றைப்படைக் கூட்டங்களோ எண்ணி மாளாதவை. ஆனால் அல்காரிதம் அவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் சிலவற்றை மட்டுமே தொடுகிறது. அவற்றின் எண்ணிக்கை புள்ளிகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கைக்கூட எட்டாது. எது நல்ல அல்காரிதம், எது வெறும் போட்டுப் பார்த்தல் என்ற பாகுபாட்டை இன்று நாம் புரிந்துகொள்ளும் முறைக்கு அந்தக் கட்டுரைகள் பெரிய காரணம்.

பொதுக் கோட்டுருவுக்கே விடை கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குத் தனி வகைகள் என்று கேட்கலாம். தனி வகை என்றால் வேகமாக முடிக்கலாம் என்பது வழக்கமான பதில். உண்மைதான். மர வடிவக் கோட்டுருவில் இலையிலிருந்து வேர்வரை ஒரே நடையில் விடை வந்துவிடும். கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரையத்தக்க தளக்கோட்டுருக்களில், புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ வர்க்கமூல அளவில் சில புள்ளிகளை எடுத்துவிட்டாலே மிச்சம் சிறு துண்டுகளாகப் பிரிந்துவிடும் என்று லிப்டனும் டார்ஜனும் காட்டினார்கள். துண்டுகளைத் தனித்தனியே தீர்த்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் என் பதில் வேறு. வடிவத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தால், பொது உலகில் இல்லாத ஒரு சாட்சி உள்ளே நுழைய வாசல் திறக்கிறது. 1781-இல் மோன்ஜ், மண்ணை வெட்டி எடுக்கும் இடங்களிலிருந்து கொட்டும் இடங்களுக்குச் சுமக்கும் செலவைப் பற்றி எழுதினார். இரண்டு சுமைகளின் வழிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால், போய்ச்சேரும் இடங்களை மாற்றிக்கொள். மொத்தத் தூரம் குறையும். முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதைவிட நீளம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தளத்தில் குறுக்குவெட்டு ஒன்று கண்ணில் பட்டாலே போதும், ஏற்பாடு சிறந்ததல்ல என்பது தெரிந்துவிடும். பொதுக் கோட்டுருவில் குறுக்குவெட்டு என்ற சொல்லுக்கே இடமில்லை.

நான் அதிகம் தங்க விரும்புவது சதுரங்கப் பலகையில். இரண்டு கட்டங்களை மூடும் டோமினோ கட்டைகள் 32-ஐக் கொண்டு பலகை முழுவதையும் மூட வேண்டும். அடுத்தடுத்த கட்டங்களைக் கோட்டால் இணைத்தால், ஒவ்வொரு மூடலும் எந்தப் புள்ளியும் விடுபடாத ஒரு முழுப் பொருத்தம். எத்தனை விதமாக மூடலாம்? 1961-இல் காஸ்டலைன் ஒருபுறமும் டெம்பர்லியும் ஃபிஷரும் இன்னொருபுறமுமாக இதைக் கணக்கிட்டார்கள். இயற்பியலில் இரட்டை அணு மூலக்கூறுகள் படிகப் பரப்பில் எத்தனை விதமாக அமரும் என்பது அவர்களுடைய கேள்வி. விடை 1,29,88,816. அந்த எண் 3,604-இன் வர்க்கம் என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. தளக்கோட்டுரு எதிலும் கோடுகளுக்குத் தக்கபடி திசை கொடுத்தால், ஒரே ஓர் அணிக்கோவையைக் கணக்கிட்டு முழுப் பொருத்தங்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம் என்று காஸ்டலைன் காட்டினார். தளத்தை விட்டு வெளியே வந்தால் இது கைகொடுக்காது. பொதுவான இருகூறு கோட்டுருவில் முழுப் பொருத்தங்களை எண்ணுவது மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் சேர்ந்தது என்று 1979-இல் வேலியன்ட் நிறுவினார்.

இங்கே ஒரு விந்தை முளைத்தது. ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அணிக்கோவையை நொடியில் கணக்கிடலாம். ஆகவே தளக்கோட்டுருவில் முழுப் பொருத்தங்கள் எத்தனை என்பது நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அவற்றில் ஒன்றைக் காட்டு என்றால்? எண்ணத் தெரிந்தது, எடுத்துக் காட்டத் தெரியவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஒவ்வொரு செயலியும் தன் பங்குக்கு ஒரு கட்டையை வைக்கப் போகிறது. ஒன்று ஒரு மூடலை நினைத்து வைக்கிறது, பக்கத்துச் செயலி வேறொன்றை நினைத்து வைக்கிறது, இரண்டும் இடிக்கின்றன. எல்லாரும் ஒரே மூடலை நினைக்க வேண்டும். அதற்கு, ஒரு மூடல் மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் தனித்து நிற்க வேண்டும். எடை இங்கே புது வேலைக்கு வருகிறது. லாபமோ தூரமோ இனி அதன் பொருள் அல்ல; கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க நாமே ஏற்றும் எடை அது. ஒவ்வொரு கோட்டுக்கும், 1 முதல் கோடுகளின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு வரை, ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுத்தாலே, குறைந்த எடையுள்ள முழுப் பொருத்தம் ஒன்றே ஒன்றாக இருக்கப் பாதிக்குக் குறையாத வாய்ப்பு உண்டு என்று 1987-இல் முல்முலேயும் வசிரானி சகோதரர்களும் காட்டினார்கள். அபாரமான முடிவு. ஆனால் குலுக்கலுக்குச் சாட்சி கிடையாது.

குலுக்காமல் எடை கொடுக்க முடியுமா? தளக்கோட்டுருவாகவும் இருகூறாகவும் இருந்தால் முடியும் என்று 2008-இல் சமீர் தத்தா, ராகவ் குல்கர்னி, சம்புத்த ராய் மூவரும் காட்டினார்கள். தத்தா சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தக் கருத்தைச் சதுரங்கப் பலகையிலேயே பார்த்துவிடலாம். வரிசைகளுக்குக் கீழிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். செங்குத்தாக நிற்கும் கட்டைக்கு எடை 0. படுத்திருக்கும் கட்டையின் இடப்பக்கம் கறுப்புக் கட்டத்தின் மேல் இருந்தால் அதன் எடை வரிசை எண். வெள்ளைக் கட்டத்தின் மேல் இருந்தால் அதே எண், கழித்தல் குறியோடு. அவ்வளவுதான்.

இரண்டு மூடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒத்துப்போகும் கட்டைகள் போக மிச்சமெல்லாம் மூடிய சுற்றுகளாக அமையும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் மூடலின் கட்டையும் இரண்டாவதின் கட்டையும் மாறி மாறி வரும். ஒரு சுற்றில் இரண்டு மூடல்களுக்கும் உள்ள எடை வித்தியாசம் எவ்வளவு? கட்டங்களின் மையங்களை இணைத்துச் சுற்றை வரைந்தால், அது வளைக்கும் பரப்பளவு எவ்வளவோ அவ்வளவு. கீழ் இடது மூலையில் இரண்டுக்கு இரண்டு கட்டங்களை எடுத்துச் சரிபார்க்கலாம். இரண்டு கட்டைகளையும் நிற்க வைத்தால் எடை 0. படுக்க வைத்தால் கீழ்வரிசையில் கறுப்பு இடப்பக்கம், எடை 1. மேல்வரிசையில் வெள்ளை இடப்பக்கம், கழித்தல் 2. மொத்தம் கழித்தல் 1. வித்தியாசம் 1. நான்கு மையங்களும் வளைக்கும் சதுரத்தின் பரப்பு 1. சுற்று எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கணக்கு இதேபோல் நிற்கும்.

குறைந்த எடையுள்ள மூடல்கள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு இடையே ஒரு சுற்றாவது இருக்கும். அந்தச் சுற்றில் ஒன்றின் எடை குறைவு என்றால், மற்றது அந்தப் பகுதியை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டு தன் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அது குறைந்த எடையுள்ளதாக இருந்திருக்காது. ஆகவே இரண்டும் அந்தச் சுற்றில் சமம், வித்தியாசம் 0. ஆனால் வித்தியாசம் என்பது பரப்பளவு. பரப்பே இல்லாமல் ஒரு சுற்று தாளில் இருக்க முடியாது. எனவே 1,29,88,816 மூடல்களில் ஒன்றே ஒன்றுதான் எடை மிகக் குறைந்தது. அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இதைச் சொல்லிவிட்டோம். இதற்குச் சாட்சி சொன்னது தாளின் பரப்பு. கோட்டுருவைத் தாளில் வரைய முடிந்ததால் கிடைத்த வரம் அது.

இதற்கு முன்பே, 2000-இல், கஸ்தூரி வரதராஜனும், தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் மீனா மகாஜனும் வேறொரு வாசலைத் திறந்திருந்தார்கள். எண்ணத் தெரியும் அல்லவா? ஒவ்வொரு கோடும் எத்தனை முழுப் பொருத்தங்களில் வருகிறது என்று எண்ணி, மொத்தத்தால் வகுத்துவிடுங்கள். கிடைப்பது எல்லாப் பொருத்தங்களின் சராசரி. யாருடையதும் அல்லாத பின்னங்கள். அங்கிருந்து சுற்றுகளை ஒவ்வொரு தொகுதியாக உடைத்துக்கொண்டே போனால் பின்னங்கள் கரைந்து கடைசியில் ஒரு முழுப் பொருத்தம் நிற்கும். எண்ணும் திறனைக் கண்டுபிடிக்கும் திறனாக மாற்றிய அந்த நகர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. இருகூறாக இல்லாத தளக்கோட்டுருக்கள் இன்னும் பல ஆண்டுகள் பிடிவாதமாக நின்றன. அங்கே கறுப்பு வெள்ளை இல்லை, முக்கோணம் மறுபடி அரைகளைக் கொண்டுவருகிறது. 2018-இல்தான் நிமா அனாரியும் விஜய் வசிரானியும் அதைத் தீர்த்தார்கள்.

தாளில் வரைய முடியாத இருகூறு கோட்டுருக்களில் பரப்பு கிடையாது. அங்கே எல்லாச் சுற்றுகளுக்கும் ஒரே நேரத்தில் சுழியல்லாத வித்தியாசம் தரும் எடையைக் குலுக்காமல் எழுத முடியுமா? 2016-இல் ஃபென்னர், ரோஹித் குர்ஜர், தீராஃப் மூவரும் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்தார்கள். முதலில் நான்கு கோடுகள் கொண்ட சுற்றுகளுக்கு மட்டும் எடை கொடுத்து அவற்றை ஒழிப்பது; குறுஞ்சுற்றுகள் ஒழிந்த கோட்டுருவில் எட்டு வரையிலான சுற்றுகள் அதிகம் இருக்க முடியாது, ஆகவே அவற்றையும் ஒழிப்பது; பிறகு பதினாறு, முப்பத்திரண்டு. ஒவ்வொரு முறையும் நீளம் இரட்டிப்பதால், புள்ளிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எவ்வளவோ அத்தனை கட்ட வேலை. அடுத்த ஆண்டே ஸ்வென்சனும் டார்னவ்ஸ்கியும் இதை எல்லாக் கோட்டுருக்களுக்கும் விரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் எடையையும் முந்தையதற்கு மேல் அடுக்குவதால், கடைசியில் எடையின் அடுக்குக்குறியில் அந்த மடக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது; வேண்டிய செயலிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்ப வீங்கிவிடுகிறது. அடுக்குக்குறியில் இருந்து மடக்கையை நீக்கி, ஒரு மாறிலியை அங்கே வைக்க இன்னும் யாராலும் முடியவில்லை. பரப்பு இல்லாத இடத்தில் பரப்பின் வேலையைச் செய்யும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.